சத்தம் போடாத நுரையீரல்

வடசென்னையில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டில் இரண்டு நுரையீரல்கள் குடித்தனம் நடத்தி வந்தன. ஒன்று கோமளாவுடையது. மற்றது அவள் புருஷன் டில்லிபாபுவுடையது. ஒரு நெஞ்சுக்குள் வலது, இடது என்று இரண்டு உண்டு என்பது எனக்கும் தெரியும். பிறந்த நாள் முதல் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கும் ஜோடியைப் பிரித்துப் பேசி நான் ஏன் பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்? ஆகவே ஒன்றென்றே சொல்லிவிடுகிறேன்.

டில்லிபாபு அந்தப் பஞ்சர் கடைக்காரன். கோமளா கீரை விற்பவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று, "அரக்கீர, சிறுகீர, மொளக்கீர, மணத்தக்காளீ..." என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், மாடியில் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாள். எல்லாக் கீரையும் ஒரே மூச்சில் வரும். இடையில் எங்கும் நூல் அறுந்த மாதிரி இருக்காது. பழ வண்டிக்காரர்கள் பேட்டரி போட்ட ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு கத்துகிறார்கள். கோமளாவுக்கு அந்தச் செலவு இல்லை. அவளுடைய ஒலிபெருக்கி நெஞ்சுக்குள்ளேயே இருந்தது.

அந்த நுரையீரலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதன் குணம் அப்படி. இடது பக்கத்தைப் பாருங்கள், வலதைவிடக் கொஞ்சம் சிறியது. இதயத்துக்கு இடம் வேண்டுமே என்று தன் பங்கில் ஒரு மூலையை விட்டுக் கொடுத்திருக்கிறது. அரை அடிச் சுவருக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போகிற நாட்டில், இந்தப் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்? அதன் குழாய்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் அடர்ந்து நின்று, உள்ளே விழும் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கோமளா தூங்கினாலும் அவை தூங்காது. தீபாவளிக்கும் லீவு கேட்காது. நாம் வாரத்தில் ஒரு நாள் வீட்டைப் பெருக்கிவிட்டு இடுப்பு ஒடிந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இவ்வளவு இருந்தும் தெருவில் அதற்கு நல்ல பெயர் இல்லை. "கோமளாவுக்கு நெஞ்சு வீக்கு" என்பார்கள். கொசுவத்தி, ஊதுபத்தி, மிளகாய் தாளிப்பு, சிமெண்ட் தூசி, எது வந்தாலும் அந்த நுரையீரல் கதவைச் சாத்திக்கொண்டு விசிலடிக்கும். ஆஸ்பத்திரியில் அதை ஆஸ்துமா என்றார்கள். தெருவில் வீசிங் என்றார்கள். விசில் கேட்டதும் கோமளா ஒரு சின்ன நீல நிறப் பம்பை எடுத்து வாயில் வைத்து அமுக்கி உள்ளே இழுப்பாள். கதவு மெல்லத் திறக்கும். மறுபடி அரைக்கீரை, சிறுகீரை.

டில்லிபாபுவின் நுரையீரல் வேறு ஜாடை. அது சத்தமே போடாது. டயர் ஒட்டும் பசையின் நெடி, கடை வாசலில் நிற்கும் லாரிகள் விடும் கரும்புகை, சாலைப் புழுதி, எல்லாவற்றையும், "வாங்க, வாங்க" என்று உள்ளே அழைத்து உட்கார வைக்கும். வந்தாரை வாழவைக்கும் சென்னை என்று சொல்கிறார்களே, அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தது அது ஒன்றுதான். டில்லிக்கு இருமலும் கிடையாது, சளியும் கிடையாது. "எனக்கு இரும்பு நெஞ்சு" என்று தட்டிக் காட்டுவான். தெருவும் ஒத்துக்கொண்டது.

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் டீ குடிக்க உட்காரும்போது நுரையீரல்கள் இரண்டும் பேசிக்கொள்ளும்.

"இன்றைக்கு உன் பக்கம் யார் யார் வந்தார்கள்?" என்று கோமளாவுடையது கேட்கும்.

"லாரிகள்தான். வழக்கமாக வருகிறவர்கள். உள்ளறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்."

"எப்போது எழுந்து போவார்கள்?"

"விருந்தாளியிடம் போய் அப்படிக் கேட்பார்களா?"

"நான் கேட்பேன். உள்ளே விடுவதற்கு முன்னாலேயே கேட்பேன்."

"அதனால்தான் உன்னை வீக்கு என்கிறார்கள். நான் கத்தினால் என் ஆள் கடையை மூட வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுமை கற்றுக்கொள், தாயே."

அந்தப் பொறுமையை நினைத்தால் கோமளாவின் நுரையீரலுக்குப் பயமாக இருக்கும். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது பழமொழி. இந்த ஊமை தன்னைத்தானே கெடுத்துக்கொண்டிருந்தது.

மார்கழி பிறந்தது. கூடவே பனியும் வந்தாள்.

பனியைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் வந்து மின்கம்பிகளுக்கு முத்துக் கோர்ப்பாள். குப்பை வண்டியையும் கோயில் தேர் மாதிரி காட்டுவாள். எங்கள் ஊரின் முகத்துக்கு யாராவது பவுடர் போட்டிருக்கிறார்கள் என்றால் அது அவள்தான். ஆனால் வெகுளி. யார் கை நீட்டினாலும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அவள் அண்ணன் காற்று அந்த மாதத்தில் விடியலில் எழுந்திருக்க மாட்டான். தரை சில்லிட்டுக் கிடக்கும். வெயில் வந்து தரையைச் சுட்டால்தான் அவனுக்குத் தூக்கம் கலையும். அதுவரை மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான ஓர் அடுக்கு, சட்டிக்கு மூடி போட்டதுபோல ஊர்மேல் கவிழ்ந்திருக்கும். கீழே நடப்பது எதுவும் மேலே போகாது.

இப்படிப்பட்ட மாதத்தின் கடைசி நாளில்தான் நம் ஆட்களுக்குப் போகி வருகிறது.

போகிக்கு முந்தின நாள் கோமளா மஞ்சள் கொத்தும் கரும்பும் வாங்கக் கோயம்பேட்டுக்குக் கிளம்பினாள். பொங்கல் வியாபாரம். கிளம்பும்போது புருஷனிடம், "யோவ், வூட்ட ஒழிச்சு வையி. பழசு பட்டையெல்லாம் தூக்கிக் கடாசு. நான் வரசொல்லோ வூடு பளிச்சுன்னு இருக்கணும்" என்றாள்.

டில்லிபாபு பெண்டாட்டி சொல்லைத் தட்டாதவன். தரையைக் கழுவினான், பரணைத் துடைத்தான். பிரிட்ஜின் மேல் ஒரு கிழிந்த ஸ்வீட் டப்பா இருந்தது. திறந்து பார்த்தான். எழுதாத பேனா, அறுந்த ரப்பர் பேண்ட், தீர்ந்துபோன மாத்திரை அட்டை. அடியில் கிளறிப் பார்க்கவில்லை. கிழிந்த பாய்க்குள் அந்த டப்பாவையும் வைத்துச் சுருட்டிக் கட்டினான். டப்பா இருந்த இடத்தில், அவள் சந்தோஷப்படட்டும் என்று, ரோஸ் நிறத்தில் புதுப் பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கி வைத்தான். அன்பாகத்தான் செய்தான். அதுதான் சங்கடம். டப்பாவின் அடியில் இருந்தது நீல நிறப் பம்பு.

அன்று நெஞ்சில் விசில் இல்லாததால் கோமளா பம்பைத் தேடவில்லை. கரும்புக் கட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு, அலுப்பில் படுத்ததும் தூங்கிப்போனாள்.

அந்தத் தெருவில் போகி என்றால் டில்லியின் டயர்தான். பக்கத்துத் தெருக்காரர்கள் பாயையும் முறத்தையும் எரிப்பார்கள். அது சீக்கிரம் சாம்பலாகிவிடும். டயர் நின்று எரியும். கூரைக்கு மேல் ஜுவாலை போகும். பக்கத்துத் தெரு பார்த்து வயிறெரியும். வருஷா வருஷம் தெரு இளைஞர்கள் வந்து கேட்பார்கள், இவனும் தேய்ந்த டயர்களை உருட்டிக் கொடுப்பான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எதையாவது எரிக்காவிட்டால் தை பிறக்காது என்று ஊரே நம்பும்போது, பெரியதாக எரிப்பவன் பெரிய மனிதன்.

போகி விடிந்தும் விடியாமலும் இருந்த நேரம். டமடமவென்று போகி மேளம் முழங்கியது. தெரு நடுவில் டயர்களை அடுக்கித் தீ வைத்தார்கள். அதிலிருந்து புகை பிறந்தான். கன்னங்கரேலென்று, பிறக்கும்போதே மீசையோடு பிறந்த மாதிரி இருந்தான்.

அவன் நேரே மேலே போகப் பார்த்தான். மூடி தட்டியது. கீழே இறங்கிப் பனியிடம் வந்தான்.

"அக்கா, மேலே வழி இல்லை. கொஞ்சம் தூக்கிக்கொள்கிறாயா?"

"வாப்பா" என்றாள் பனி. "என் ஒவ்வொரு துளிக்கும் உட்கார ஒரு பொடி வேண்டும். உன்னிடம் இருக்கிறதா?"

"அதற்கா பஞ்சம்? என் உடம்பே பொடிதான்."

"ஏன் இப்படி நாறுகிறாய்?"

"நாற்றமா? அக்கா, இது பண்டிகை வாசனை!"

பனி நம்பிவிட்டாள். நல்லவர்களிடம் பண்டிகை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்தாள். அவன் எட்டிய இடமெல்லாம் அவள் எட்டினாள். வெண்மையாக இருந்தவள் அழுக்குத் துணியின் நிறத்துக்கு வந்தாள். எதிர்வீடு மறைந்தது, பிறகு மின்கம்பம் மறைந்தது, பிறகு தீயைச் சுற்றி நின்றவர்களே ஒருவருக்கொருவர் மறைந்துபோனார்கள்.

டில்லிபாபு வீட்டிலிருந்து பாய்ச் சுருளைத் தூக்கிவந்து தீயில் போட்டான். கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம் வந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"ண்ணா, பாய்க்குள்ள பட்டாசு வச்சிருந்தியா? செம!" என்று கத்தினான் தீனா. டயர் அடுக்குவதில் அவன்தான் தலைவன்.

டில்லிக்கும் புரியவில்லை. ஆனால் கைதட்டல் இனிப்பாக இருந்ததால் சிரித்து வைத்தான்.

உள்ளே கோமளாவின் நுரையீரல் விழித்துக்கொண்டது. ஜன்னல் இடுக்கில் நுழைந்த புகை, மூக்கு வழியாக இறங்கி வாசலில் நின்றான்.

"யாரது?"

"சொந்தக்காரன்தான். உங்கள் வீட்டு டயருக்குப் பிறந்தவன். கதவைத் திற."

"சொந்தமாக இருந்தாலும் அடுப்படியோடு நில். இது மூச்சு வந்து போகிற இடம்."

"உன் புருஷன் வீட்டு நுரையீரலைப் பார்! நான் உள்ளே போய் வந்து எவ்வளவு நேரமாகிறது! கடைசி அறை வரைக்கும் பாய் விரித்து வைத்திருக்கிறது. நீ மட்டும் ஏன் இப்படிப் பட்டிக்காட்டுத்தனம் பண்ணுகிறாய்?"

"பட்டிக்காடு என்றே வைத்துக்கொள். நீ வர முடியாது."

சொல்லிவிட்டு அது வேலையில் இறங்கியது. மயிரிழைகள் கூட்டித் தள்ளின. சளி சுரந்து, வந்த பொடியை எல்லாம் ஒட்டிப் பிடித்தது. குழாய்களைச் சுற்றியிருந்த தசைகள் கதவை இழுத்து இறுக்கின. பிறகு அது தன்னால் முடிந்த மட்டும் விசிலடித்தது. எழுந்திரு கோமளா, எழுந்திரு, ஆள் நுழைகிறான் என்று அந்த விசிலுக்கு அர்த்தம். எத்தனை காவல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். விசிலடித்துக்கொண்டே தூங்குகிறவர்களும் உண்டு. இப்படி ஒரு காவலை நான் கண்டதில்லை.

ஆனால் கதவை இறுக்கிச் சாத்தினால் திருடன் மட்டுமா நிற்பான்? பால்காரனும் வெளியில்தான் நிற்பான். உள்ளே இருந்த பழைய காற்று வெளியே போக முடியாமல் திணறியது. புதுக் காற்றுக்கு இடமில்லை. பம்பு வர வேண்டும். பம்பு வந்தால்தான் தசைகள் பிடியை விடும்.

கோமளா எழுந்து உட்கார்ந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு போய் பிரிட்ஜின் மேல் கையைத் துழாவினாள். ரோஸ் நிறக் கூடை கையில் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"யோ..." என்று கூப்பிட்டாள். அதற்குமேல் வரவில்லை. ஒரே மூச்சில் அத்தனை கீரையையும் மாடிவரை அனுப்பிய குரல், வாசலில் நிற்கும் புருஷனை எட்டவில்லை. எனக்கு அதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

காலால் குடத்தை உதைத்தாள். தண்ணீரோடு குடம் உருண்டு வாசற்படியில் போய் மோதியது. டில்லி திரும்பிப் பார்த்து ஓடி வந்தான்.

"இன்னாம்மே? இன்னா ஆச்சு?"

அவள் பிரிட்ஜைக் காட்டினாள். வாயைக் காட்டினாள். "டப்பா..." என்றாள். இன்னொரு மூச்சு பிடித்து, "எங்கய்யா... டப்பா?"

டில்லி கூடையைப் பார்த்தான். திரும்பித் தீயைப் பார்த்தான். சற்றுமுன் கைதட்டல் வாங்கிய சத்தம் எது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மருந்துக் கடை திறக்கும் நேரமில்லை. எதிர்வீட்டுச் சகாயத்துக்கு ஆட்டோ உண்டு. டில்லி போட்ட கூச்சலில் அவர் லுங்கியோடு வண்டியை எடுத்தார். கோமளாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். வண்டி கிளம்பி உடனே நின்றது.

"டில்லி, ஒண்ணுமே தெர்ல நைனா. லைட்டு போட்டா இன்னும் மோசமா கீது. எதுனா மேல ஏத்திட்டா இன்னா பண்றது?"

"நான் முன்னால ஓடறேன். என் கை லைட்ட பாத்துக்கினே வா, சகாயம். நிறுத்திடாத."

செல்போன் டார்ச்சைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு டில்லி ஓடினான். தெருவுக்குத் தெரு ஒரு தீ. தீக்குத் தீ ஒரு மேளம். ஒவ்வொரு தீயைத் தாண்டும்போதும் புகை குபுகுபுவென்று அவன் வாய்க்குள் பாய்ந்தான். ஓடுகிறவனுக்கு மூச்சு பெரிதாக வேண்டும். பெரிய மூச்சோடு பெரிய கூட்டமும் உள்ளே போனது.

ஆட்டோவுக்குள்ளிருந்து கோமளாவின் நுரையீரல் கூவியது. "இருமிவிடு! ஒரு தடவையாவது இருமி வெளியே தள்ளு! அத்தனையும் உள்ளே போகிறது!"

"இப்போது கூடாது" என்றது டில்லியின் நுரையீரல். "இருமினால் அவன் நிற்பான். அவன் நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் நீ நின்றுவிடுவாய்."

"நீ என்ன ஆவாய்?"

"அதை அப்புறம் பேசலாம். நீ கதவைக் கொஞ்சமாவது திறந்து வைத்திரு."

அந்த ஊமையை இவ்வளவு நேரம் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அந்தச் சாலையில் அது வாயைக் கட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்த பிறகு எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இதுவும் நுரையீரல், அதுவும் நுரையீரல். ஒன்று கத்திக் காப்பாற்றும், ஒன்று கத்தாமல் காப்பாற்றும். இரண்டையும் இந்தப் பாடு படுத்துகிற நாம்தான் எதற்கும் லாயக்கில்லை.

கோமளாவின் நுரையீரல் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. ஊசி நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வழியே மூச்சைச் சொட்டுச் சொட்டாக உள்ளே வாங்கியது. ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அந்த இடுக்கு மூடப் பார்த்தது. அது விடவில்லை. அரசு ஆஸ்பத்திரியின் வளைவுக்குள் வண்டி திரும்பியபோது கோமளாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் விசில் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வார்டு முழுக்கக் கோமளாக்கள். கட்டில் போதாமல் பெஞ்சிலும் உட்கார வைத்திருந்தார்கள். நர்ஸம்மா ஓடிவந்து கோமளாவின் முகத்தில் மாஸ்க்கை மாட்டினாள். மருந்து ஆவியாகி உள்ளே போயிற்று. இறுகிக்கொண்டிருந்த தசைகள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. முதல் முழு மூச்சு உள்ளே வந்தபோது அந்த நுரையீரல் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! மழை பெய்த மறுநாள் வாடிய கீரை நிமிருமே, அப்படி நிமிர்ந்தது.

வெயில் ஏற வெகு நேரமாயிற்று. ஒருவழியாகத் தரை சுட்டபின் காற்று எழுந்து, மூச்சிரைக்க ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்தான்.

"தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அவன் கறுப்புப் போர்வையைப் போட்டு வெயிலை மறைத்துவிட்டான். வெயில் தொடாமல் எனக்கு எழுந்திருக்கத் தெரியாது."

"அவன் எங்கே? தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டது கோமளாவின் நுரையீரல்.

"எனக்குத் தொலைக்கத் தெரியாது. தூக்கிக்கொண்டு போகத்தான் தெரியும். போகிற வழியில் எந்த ஜன்னல் திறந்திருக்கிறதோ, யார் கண்டது?"

பனி ஜன்னல் கம்பியில் ஒரு துளியாக மட்டும் மிச்சமிருந்தாள். "பண்டிகை வாசனை என்றான்" என்று விசும்பினாள். "நான் நம்பிவிட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் காய்ந்துபோனாள்.

டில்லிபாபு கட்டிலின் கால்மாட்டில் நின்றான். சட்டை நனைந்திருந்தது. மூக்கைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. "என்னாலதான் கோமு. எல்லாம் என்னாலதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மாஸ்க்குக்குள்ளிருந்து கோமளா, "ரோஸு கூட... நல்லாத்தான்யா கீது" என்றாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

நர்ஸம்மா அவனைப் பார்த்தாள். "நீங்களும் புகைலதான வந்தீங்க? டாக்டர்கிட்ட ஒரு வாட்டி நெஞ்ச காட்டிட்டுப் போங்க."

"எனக்கா? எனக்கு இன்னாம்மா, ஒண்ணும் ஆவாது" என்றான் டில்லி. கை பழக்கதோஷத்தில் நெஞ்சைத் தட்டியது.

உள்ளே அவனுடைய நுரையீரல் இருட்டில் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் வந்த விருந்தாளிகள் ஒருவரும் எழுந்து போகவில்லை. இன்று வந்தவர்கள் அவர்கள் மடியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டித் தள்ள வேண்டிய மயிரிழைகளில் பாதி எப்போதோ ஓய்ந்துவிட்டன. மிச்சம் இருந்தவை கூட்ட இடமில்லாமல் நின்றன.

அப்போது டில்லியின் போன் அடித்தது. தீனா.

"ண்ணா, பக்கத்துத் தெருக்காரனுங்க பொழுது வுடிஞ்சும் வுட மாட்றானுங்க. புதுசா ரெண்டு டயரு போட்டுக்கீறானுங்க. உன் கடைல மிச்சம் கீதுல்ல? சாவி எங்க வச்சிக்கீற?"

"வேணாம்டா" என்றான் டில்லி.

"இன்னாண்ணா, மானப் பிரச்சன. நீயே வேணான்ற?"

"உங்கண்ணிக்கு முடியலடா. ஆஸ்பத்திரில கீறோம்."

"அய்யய்யோ. இப்ப எப்டிக் கீது?" தீனாவின் குரல் உண்மையிலேயே பதறியது. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அண்ணிக்கு இது எப்பவும் வர்றதுதானண்ணா. அவுங்களுக்கு நெஞ்சு வீக்கு. நமக்கு இன்னா?" என்றான்.

டில்லி பதில் சொல்ல வாயைத் திறந்தான். நேற்றுவரை அவனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. அடிவயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓர் இருமல் கிளம்பியது. வார்டே திரும்பிப் பார்த்தது. டில்லி துண்டால் வாயைப் பொத்தினான். எடுத்துப் பார்த்தான். துண்டில் கறுப்பாக ஒரு திட்டு. சட்டென்று மடித்து மறைத்தான்.

கோமளா மாஸ்க்கைக் கழற்றினாள். "மறைக்காத. காட்டுய்யா" என்றாள்.

அவன் கையிலிருந்த போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "ண்ணா? ண்ணா, யாருண்ணா அது இரும்பறது? நீயா?"

"மன்னித்துக்கொள்" என்றது டில்லியின் நுரையீரல். "அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை."

"அடக்காதே" என்றது கோமளாவின் நுரையீரல். "இன்னும் பலமாக இருமு. போனில் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நன்றாகக் கேட்கட்டும்."